கெர்னலுக்குப் பெயர் சூட்டிய வரலாறு

விழுப்புரத்தில் எண்ணெய்வித்துப் பெருக்கக் கழகம் என்று ஒன்று இருந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைச்சலைப் பெருக்குவதற்காக ஏற்பட்டது என்று வாசல் பலகை சொன்னது. உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்குப் பெருகியிருந்ததாகத் தெரிந்தது மேசை நாற்காலிகள்தான். மற்றபடி குறை சொல்வதற்கில்லை. மின்விசிறிகள் சுற்றின, டீ வேளைக்கு டீ வந்தது, மழை பெய்தால் விவசாயிகள் வராந்தாவில் ஒதுங்கி நிற்பதை யாரும் ஆட்சேபித்ததில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் இந்தக் கழகத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை குமாஸ்தா ஒருவர் கையால் விதைச் சீட்டு எழுதுவார். விவசாயி அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துத் திண்டிவனம் கிடங்குக்குப் போனால் விதை மல்லாட்டை கிடைக்கும். இனிமேல் கம்ப்யூட்டர் அடிக்கும் சீட்டுக்கு மட்டும்தான் விதை என்று உத்தரவு வந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே உத்தரவு வந்துவிட்டதால், குமாஸ்தா அன்றைக்கே பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளப் பாண்டுரங்கன் என்ற டைப்பிஸ்ட்டைச் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவன் இல்லாவிட்டாலும் ஆபீஸ் நடக்கும் என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள். தேர்வு செய்ததற்குக் காரணம் அவ்வளவுதான். போனவன் கெட்டிக்காரனாகத் திரும்பிவந்துவிட்டான். அது யாரும் எதிர்பாராதது.

வந்ததும் ஒரு சிக்கல் காத்திருந்தது. மெஷின் ஒரு கம்பெனி, பிரிண்டர் இன்னொரு கம்பெனி. டெண்டரில் யார் குறைத்துச் சொன்னார்களோ அவர்களிடம் தனித்தனியாக வாங்கியிருந்தார்கள். இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. கெர்னல் என்பது கம்ப்யூட்டர் கண்விழித்ததும் முதலில் எழுந்து உட்காருகிற ஆதாரப் புரோகிராம். திரை, டிஸ்க், பிரிண்டர் எல்லாம் அதன் சொல்லைக் கேட்டுத்தான் நடக்கும். கம்பெனிக்காரன் கொடுத்த கெர்னலுக்கு இந்தப் பிரிண்டர் அறிமுகமில்லை. ஆனால் அறிமுகம் உள்ளதாகப் புதிய கெர்னல் ஒன்றை நாமே கட்டிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய துண்டுகளையெல்லாம் கம்பெனியே கொடுத்திருந்தது. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போது கட்டி முடியும். அதுவரை மெஷின் வேறு வேலை பார்க்காது.

கட்டி முடிகிற சமயத்தில் அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இந்தப் பதிப்புக்கு என்ன பெயர்? கம்பெனி கட்டியதும் நாம் கட்டியதும் குழம்பிவிடாமல் இருப்பதற்காக அப்படிக் கேட்கிறது. பாண்டுரங்கன் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை கட்டியபோது, வேறொன்றும் தோன்றாமல் 'டெஸ்ட்-3' என்று அடித்தான். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. அன்றைக்கு அவனுக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இந்த வரலாற்றில் இனி அது வராது.

முதல் சீட்டை அவன் கிளியனூர் வீரம்மாள் பெயருக்கு அடித்தான். வீரம்மாள் அவனுடைய அம்மாவுக்குத் தங்கை, அவனுக்குச் சின்னம்மா. போன வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, எடுத்துவைத்திருந்த விதைக்காய் முழுக்கப் பூஞ்சாணம் பிடித்துப் போயிற்று. கொல்லையோ மானாவாரி, மழையை மட்டும் நம்பிய நிலம். கழகம் கொடுக்கிற இரண்டு மூட்டையை விட்டால் அவளுக்கு வேறு விதை இல்லை.

"ஆடி மழைக்குள்ள வெத கொல்லையில வுழுந்துடணும்டா பாண்டு," என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். "மழை போனப்பறம் போட்டா எறும்புக்குப் போட்ட மாதிரிதான். சீக்கிரம் பாத்து வுடு."

"மெஷினு வந்துட்டுது சின்னம்மா. இனிமே ஜல்தியா நடக்கும்," என்று அவனும் சொல்லியிருந்தான். நம்பித்தான் சொன்னான்.

சீட்டின் முதல் வரியில் கெர்னலின் பெயரும் அது கட்டப்பட்ட தேதியும் தானாகவே அச்சாகும். எந்த மெஷின், எந்தப் பதிப்பு அடித்தது என்று பிற்பாடு தெரியவேண்டும் அல்லவா, அதற்காக. அந்த முதல் வரியில்தான் பொது மேலாளர் நடராசனின் கண் விழுந்தது.

"டெஸ்ட்டா? இன்னாய்யா இது?" என்றார். "கழகத்தைப் பரிசோதனை எலின்னு நெனைச்சிக்கினியா? இந்தச் சீட்டு ஊர் ஊராப் போவும்யா. மந்திரி கையில கெடைச்சா? தலைவர் பேர் இருக்க வேண்டிய எடத்துல டெஸ்ட்டுன்னு இருந்தா நாளைக்கு என் சீட்டுல யார் இருப்பாங்க?"

"அது சும்மா அடையாளத்துக்கு சார். யாரும் படிக்க மாட்டாங்க."

"படிப்பாங்கன்னா வைக்கிறோம்? நம்ம கல்வெட்டுங்களை எவன் படிக்கிறான்? வைக்காம இருந்தோமா?"

பெயரிடல் துணைக்குழு அமைக்கப்பட்டது. போண்டா, காபியுடன் கூடியது. கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும் என்று பாண்டுரங்கன் சொன்னபோது கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. எழுத்து ஆங்கிலமானாலும் வாசிப்பவர்கள் அதைத் தமிழிலேயே வாசிக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டுத் தாய்மொழியைக் காப்பாற்றினார்கள். கழகத்தின் தலைவர் சீனுவாசனின் பெயரையே கெர்னலுக்கு வைப்பது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை, ஏனென்றால் தலைவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். 'மல்லாட்டைக் காவலர் திருமிகு சீனுவாசனார் பதிப்பு' என்று முடிவாயிற்று.

"எட்டெழுத்துதான் சார் வாங்கும்," என்றான் பாண்டுரங்கன்.

தலைவர் எழுந்து பேசினார். "எட்டெழுத்து என்று முடிவு செய்தது யார்? அவர் இந்தக் கழகத்தில் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்? நான் இந்த மாவட்டத்தில் எத்தனையோ கட்டடங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். எந்தக் கட்டடமும் என் பெயரைச் சுருக்கச் சொன்னதில்லை. ஒரு நிழற்குடையில் பஸ் நிற்கும் இடத்தைவிட என் பெயர் நீளம். பயணிகள் வெயிலில் நின்றார்கள், முணுமுணுக்கவில்லை. மக்கள் பெயரை மதிக்கிறார்கள். இயந்திரமும் பழகிக்கொள்ள வேண்டும்."

கைதட்டல் ஓய்ந்ததும் நடராசன், "கட்டினது நீதானய்யா? நீயே கட்டினதுல நீயே எடத்தைப் பெருசாக்கு," என்றார். அதில் நியாயம் இருந்ததுதான் தொல்லை. பெருசாக்க முடியும். இரண்டு நாள் உட்கார்ந்து பெருசாக்கினான். அந்த இரண்டு நாளும் சீட்டு அடிக்கவில்லை.

புதிய பெயரில் வீரம்மாளுக்குச் சீட்டு வந்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு திண்டிவனம் போனாள். கிடங்குக் காப்பாளர் தேவநாதன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் வரியை மட்டும் படித்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. விதி என்று இருந்தால் அதைத் தாண்ட மாட்டார், அவ்வளவுதான்.

"டெஸ்ட்-3 செல்லாதுன்னு எனக்கு போன் வந்துட்டுது. இது செல்லும்னு இன்னும் ஒண்ணும் வரலம்மா."

கழகத்தில் அப்படி ஒரு முறை இருந்தது. ரத்து என்றால் அவசரம், போனில் சொல்லவேண்டும். புதியது என்றால் சுற்றறிக்கை, தபாலில் போகவேண்டும். தபாலையும் அன்றன்றைக்கு அனுப்புவதில்லை. பை நிறையட்டும் என்று வைத்திருப்பார்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்தச் சுற்றறிக்கைக்கு ஒன்பது நாள் பிடித்தது.

அதற்குள் விழுப்புரத்தில் நடராசன் பாண்டுரங்கனை அறைக்கு அழைத்திருந்தார்.

"தலைவர் பேர் தனியா இருக்குது பாரு, பாக்கவே பேஜாரா இருக்குது. எந்த நோட்டீஸ்லயாவது தலைமைன்னு மட்டும் போட்டு வுட்டுப் பாத்திருக்கியா? முன்னிலைன்னு ஒண்ணு இருக்கணும். எனக்கு ஆசை இல்லய்யா. நாளைக்கே ரிட்டயர் ஆனா இந்தப் பேரை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்? ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதே. முறைக்காக என் பேரைப் போடு."

"வரி நெறைஞ்சிடுது சார். கீழ விவசாயி பேரு, ஊரு, மூட்டை எல்லாம் எறங்கிப் போவுது. ஒரு சீட்டுல அடங்காது."

"விவசாயிங்க ஆயிரம் பேர் இருக்காங்க. தலைவர் ஒருத்தர்தான். மூட்டையை ரெண்டாம் பக்கத்துக்குத் தள்ளு."

தள்ளினான். முதல் பக்கத்தில் பெயர்களும், அடியில் விவசாயியின் பெயரும் ஊரும். இரண்டாம் பக்கத்தில் தனியாக '2 மூட்டை'. அதற்கு இன்னும் இரண்டு நாள். பழைய பெயர் போனில் ரத்தாயிற்று. ரத்தான சீட்டுகளை விவசாயிகளிடமிருந்து திரும்ப வாங்கிக் கட்டுக்கட்டாக ஒரு அறையில் போட்டுப் பூட்டினார்கள். யாராவது தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்று பயம். வீரம்மாளும் தன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதுச் சீட்டு வாங்கிப் போனாள். ரத்து போய்ச் சேர்ந்திருந்தது, சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பிவந்தாள்.

பிறகு தலைவருக்கு ஏதோ ஒரு மன்றத்தில் இன்னொரு பட்டம் கொடுத்தார்கள். அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. புதன்கிழமை கூடி அதையும் தீர்மானித்து, பழைய சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்குத்தான் ஆடி மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. கிளியனூரில் விதை வைத்திருந்தவர்கள் ஏர் கட்டினார்கள். வீரம்மாள் உழுத கொல்லையைப் பார்த்துவிட்டு நேரே பஸ் ஏறி விழுப்புரம் வந்து, நனைந்த புடவையோடு கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கழற்றுவதற்கு அவளிடம் செருப்பு இல்லாததால் அனுமதிப்பதா கூடாதா என்று பியூனுக்குக் குழப்பம்.

"பாண்டு, மண்ணு பதமா இருக்குதுடா. இன்னும் நாலு நாளுதான் தாங்கும். அந்த மெஷினுக்கு இன்னாதான்டா வேணும்? கோழி கீழி அறுக்கணுமா? சொல்லு, அறுத்துடறேன்."

"அதெல்லாம் வேணாம் சின்னம்மா."

"அப்ப இன்னாதான் பண்ணிக்கினு இருக்கீங்க இத்தினி பேரும்?"

"பேரு வெச்சிக்கினு இருக்கோம்."

அவள் ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது அவனுக்கு. மழையில் திண்டிவனம் போன் லைன் செத்துக் கிடக்கிறது என்று டெலிபோன் ஆபரேட்டர் சொல்லிக்கொண்டு போனது அப்போதுதான் காதில் விழுந்தது. லைன் செத்திருந்தால் ரத்து போயிருக்காது. நடராசனைச் சேர்த்த முந்தின பெயருக்கான சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமையே கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கழகத்தின் லாரி டிரைவர் சொல்லியிருந்தான். அப்படியானால் விழுப்புரத்தில் செத்த பெயர் திண்டிவனத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவன் வாழ்க்கையில் செய்த ஒரே துணிச்சலான காரியத்தை வெள்ளிக்கிழமை செய்தான். கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், ரத்தானதும் மெஷினிலிருந்து அழித்திருந்த பெயரிலேயே மறுபடி ஒரு கெர்னலைக் கட்டினான். ஒரே ஒரு சீட்டு அடித்தான். இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திண்டிவனத்தில் இறங்கினான்.

தேவநாதன் சுற்றறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். காவலர் சரியாக இருந்தது. சீனுவாசனார் சரி. முன்னிலை சரி. "எல்லாம் ஒத்துக்கினு வருது தம்பி," என்றபடி சாவிக்கொத்தை எடுத்தார். வீரம்மாள் கோணியை உதறினாள். உள்ளே மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அந்த விதைக்காயின் மண் வாசனை வாசல் வரை வந்தது.

அப்போது போன் மணி அடித்தது. லைனைச் சரிசெய்துவிட்டார்கள்.

பேசிவிட்டு வந்த தேவநாதன் சாவியை மேசைமேல் வைத்தார். "இந்தப் பேரு புதன்கிழமையே ரத்தாயிட்டுதாம்."

"சரி சார், ரத்துக்கு முன்னாடி அடிச்ச சீட்டுன்னு வெச்சிக்குங்களேன்."

"நான் வெச்சிப்பேன். ஆனா பாரு, பக்கத்துல தேதி போட்டிருக்குதே. கெர்னல் கட்டினது வெள்ளிக்கிழமைன்னு." அவர் விரலை வைத்துக் காட்டினார். "புதன்கிழமை செத்தவன் பேர்ல வெள்ளிக்கிழமை பொறந்திருக்குது. நானே ஒத்துக்கினாலும் ஆடிட்ல ஒத்துக்குவானா?"

தேதியைப் பாண்டுரங்கன் மறந்துவிட்டிருந்தான். அத்தனை பேர் சேர்ந்து செய்த காரியத்தில் உண்மையைச் சொன்னது அந்த மெஷின் ஒன்றுதான். அதுவும் இந்த நேரத்தில் சொன்னது. கோபம் வரவேண்டிய இடம் அது. அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், வரவில்லை. எதுவுமே வரவில்லை. வீரம்மாள் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. 'கழகக் கணிப்பொறியை, அனுமதியின்றி, காலமான பெயரில் இயக்கியது ஏன்?' என்று கேட்டிருந்தார்கள். இனி இப்படி நடக்காது என்று எழுதிக்கொடுத்தான். அறைச் சாவியை நடராசன் வாங்கி வைத்துக்கொண்டார். பட்டம் சேர்த்த பெயரைக் கட்ட அவர் முன்னிலையிலேயே உட்கார வைத்தார். கட்டி முடிந்த அன்று சாயங்காலம் சென்னையிலிருந்து அரசாணை வந்தது: சீனுவாசன் மாற்றப்பட்டார், பெரியதம்பி என்பவர் புதிய தலைவர்.

நடராசன் அரசாணையைப் படித்துவிட்டுப் பாண்டுரங்கனைப் பார்த்தார். அவன் திரும்பி உட்கார்ந்து மறுபடி கட்ட ஆரம்பித்தான். அவன் முகத்தில் இருந்த அமைதியைப் பார்த்து அவருக்கு மிகுந்த திருப்தி. "இப்பதான்யா ஆபீஸ் மனுஷனா மாறியிருக்கே," என்றார்.

ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. புதிய தலைவர் பெரியதம்பி பெயர் சூட்டும் வைபவத்தை விழாவாகவே எடுக்கவேண்டும் என்றார். புரட்டாசியில் நாள் குறித்தார்கள். விழுப்புரத்தில் பந்தல் போட்டு, கம்ப்யூட்டரை மேடையில் வைத்துச் சந்தனம் தெளித்து மாலை போட்டார்கள். மாலையின் ஈரம் உள்ளே இறங்கி அன்றைக்கு மெஷின் எழுந்திருக்கவில்லை, எழுந்ததாக அறிவித்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஊர்களுக்கு லாரி அனுப்பியிருந்தார்கள். கிளியனூர் லாரியில் வீரம்மாளும் வந்திருந்தாள். கொல்லையில் வேலை இருந்தவர்கள் வரவில்லை.

பெரியதம்பி பேசினார். "இந்தக் கெர்னலுக்கு இதுவரை எத்தனை பெயர்கள் வைக்கப்பட்டன என்று கேட்டேன். ஐந்து என்றார்கள். ஒரே பருவத்தில் ஐந்து! தமிழ்நாட்டில் வேறு எந்தக் கழகமாவது இவ்வளவு வேகமாக வேலை செய்திருக்கிறதா? விதை கொடுத்தீர்களா என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். விதை இன்று வரும், நாளை முளைக்கும், மறுநாள் தின்று தீர்ந்துபோகும். பெயர் அப்படியா? பெயர் நிற்கும். நான் இருக்கும்வரை இந்தப் பெயர் நிற்கும் என்று உறுதி கூறுகிறேன்."

நடராசன் நன்றி நவின்றார். திண்டிவனம் கிடங்கில் தேங்கியிருந்த விதை மல்லாட்டை பருவம் தாண்டிவிட்டதால், அதை வீணாக்காமல், வந்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கே சிற்றுண்டியாக வழங்கக் கழகம் முடிவு செய்திருப்பதாக அவர் அறிவித்தபோது பலத்த கைதட்டல். உடைத்து, மணலில் போட்டு வறுத்து வைத்திருந்தார்கள். பொட்டலம் கட்டக் காகிதம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பூட்டிய அறையைத் திறந்துவிட்டார்கள்.

பாண்டுரங்கன் பந்தல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான். வீரம்மாள் கையில் பொட்டலத்தோடு அவனிடம் வந்தாள். ஒரு பருப்பை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். "நல்ல வெதடா. தெறட்சியா இருக்குது," என்றாள். பிறகு பொட்டலக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல இன்னாமோ எழுதியிருக்குதே, இன்னா அது?"

அவன் குனிந்து படித்தான். மேலே சீனுவாசன், முன்னிலையில் நடராசன். அடியில் வீரம்மாள், கிளியனூர். அவள் பெயரில் அத்தனை சீட்டு அடித்துத் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஒன்று அவள் கைக்கே வந்ததில் அதிசயமில்லை.

"உம் பேருதான் சின்னம்மா."

"என் பேரா?" அவள் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். "ரெண்டு மூட்டைன்னு போட்டிருக்குதா?"

"அது ரெண்டாம் பக்கம். வேற யாரு பொட்டலத்துலயாவது இருக்கும்."

அவள் தலையாட்டினாள். சுற்றி உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள், ஆனால் தேடவில்லை. பொட்டலத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"இந்தா, நீயும் தின்னு. காலையிலேர்ந்து நின்னுக்கினே இருக்கே."

அவன் நாலு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். பதமாக வறுத்திருந்தார்கள்.